பெயர் நம்முடையது, இடம் யாருடையது?



"அமெரிக்காவில் பாதாளத்துக்கு நடுவே சிவன் கோயில், விஷ்ணு கோயில்! நம் முன்னோர்கள் எங்கெல்லாம் போயிருக்கிறார்கள் பாருங்கள். இந்துவாக இருந்தால் பகிரவும்." போன வருடம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒருவர் இப்படி ஒரு செய்தி போட்டார். கூடவே செக்கச்செவேல் என்று ஒரு பாறைச் சிகரத்தின் படம். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள்.

அந்தச் செய்தியில் பாதி உண்மை. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் வரைபடத்தில் விஷ்ணு கோயில், சிவன் கோயில், பிரம்மா கோயில் என்ற பெயர்கள் இருக்கின்றன. ராமர் சந்நிதி, கிருஷ்ணர் சந்நிதிகூட உண்டு. எல்லாமே பாறைச் சிகரங்கள். மீதிப் பாதிதான் சிக்கல். அந்தச் சிக்கலை யோசித்துக்கொண்டே போனதில் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று வந்து நின்றது. ஓர் இடம் ஒரு மக்களுக்குப் புனிதம் என்றால், அதை நம்பாத எனக்கு அங்கே என்ன கடமை? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

யோசிக்க எனக்கு எட்டு நாள் கிடைத்தது. பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் அமெரிக்காவில் படிக்கிறேன். மார்ச் விடுமுறையில் நாங்கள் நாலு பேர் வாடகைக் காடி எடுத்துக்கொண்டு லாஸ் வேகாஸிலிருந்து கிளம்பினோம். ஸையன், பிரைஸ், கேப்பிட்டல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லாண்ட்ஸ், மானுமெண்ட் வேலி, கடைசியில் கிராண்ட் கேன்யன். யூட்டா, அரிசோனா மாநிலங்களில் சுமார் 2,000 கிலோமீட்டர். காலையில் ரொட்டியும் மைலோவும் பசியாறிவிட்டு ஒரு சின்ன நடை, பிறகு மூணு நாலு மணி நேரம் பாலைவனச் சாலை, மறுபடி ஒரு சின்ன நடை. சாலை நீளம், வானொலி எடுக்காது. பேசுவதைத் தவிர வேறு வழியில்லை.

முதலில் அந்தப் பெயர்களின் கதையைச் சொல்லிவிடுகிறேன். விஷ்ணு கோயில் என்றும் சிவன் கோயில் என்றும் அந்தச் சிகரங்களுக்குப் பெயர் வைத்தவர் கிளாரன்ஸ் டட்டன் என்ற அமெரிக்க நிலவியலாளர். ராணுவ அதிகாரியும்கூட. கிராண்ட் கேன்யன் பகுதியின் நிலவியல் வரலாற்றைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1882-இல் வெளிவந்தது. அடுக்கடுக்காகச் சரிந்து மேலே கூர்மையாகும் அந்தச் சிகரங்கள் கீழ்த்திசைக் கோபுரங்களைப் போல் அவருக்குத் தோன்றின. அதனால் அந்தப் பெயர்கள். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அதே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால்தான் அங்கே புத்தர் கோயில், கன்பூசியஸ் கோயில், எகிப்திய ஐசிஸ் கோயில், ரோமானிய ஜூப்பிட்டர் கோயில், வட ஐரோப்பியர்களின் வோட்டன் சிம்மாசனம் எல்லாம் இருக்கின்றன. பெயர் இருந்தால் முன்னோர் போனார்கள் என்று அர்த்தமானால், உலகத்தில் உள்ள எல்லாருடைய முன்னோரும் அங்கே போய்க் கூடியிருக்க வேண்டும்! 1909-இல் அரிசோனா நாளிதழ் ஒன்று, கிராண்ட் கேன்யன் குகைக்குள் எகிப்திய மம்மிகள் கிடைத்ததாகவே செய்தி போட்டது. அதற்கு எந்த ஆதாரமும் இன்று வரை கிடையாது. வாட்ஸ்அப் வருவதற்கு முன்பும் வாட்ஸ்அப் செய்திகள் இருந்திருக்கின்றன.

சிவன் கோயில் சிகரத்தைப் பற்றி இன்னொரு சம்பவம் உண்டு. 1937-இல் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அந்த உச்சிக்கு ஒரு குழுவை அனுப்பியது. சுற்றிலும் செங்குத்தான சரிவு, மேலே தட்டையான காடு. பல்லாயிரம் ஆண்டுகளாகத் துண்டிக்கப்பட்ட அந்த இடத்தில் விலங்குகள் தனியாகப் பரிணமித்திருக்குமா என்று பார்ப்பதுதான் நோக்கம். பத்திரிகைகள் பரபரப்பாக எழுதின. மேலே போனால் அப்படி விசேஷமான விலங்கு எதுவும் இல்லை. கிடைத்தது வேறு. பூர்வகுடி மக்கள் செதுக்கிய கல் கருவிகள். யாரும் ஏறாத இடம் என்று உலகம் நினைத்த இடத்தில், எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆள் ஏறி, உட்கார்ந்து, வேலை பார்த்திருக்கிறார்கள்.

மாமா அனுப்பிய செய்தியில் தப்பு இதுதான் என்று எனக்குப் படுகிறது. அது வெறும் தகவல் பிழை மட்டும் இல்லை. அந்தப் பாறையில் உண்மையிலேயே கால் வைத்தவர்களை அது ஒரே வரியில் அழித்துவிடுகிறது.

ஆனால் மாமாவைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. சிறுபான்மையாக வாழ்கிறவர்களுக்கு "நாங்களும் பெரிய ஆட்கள்தான்" என்று காட்ட ஒரு படம் தேவைப்படுகிறது. அந்தப் பசி எனக்கும் புரியும். ஆனால் பசிக்குக் கிடைத்ததையெல்லாம் சாப்பிட முடியாது. சத்தியத்தை தர்மத்தின் ஓர் அங்கமாகச் சமய வகுப்பில் படித்த நாம், பொய்யான பெருமைக்கு மட்டும் விதிவிலக்கு கொடுக்க முடியுமா?

தலபுராணம் இல்லாத ஊர் இல்லை

போன இடமெல்லாம் இதே கதைதான். ஸையன் என்பது பைபிள் பெயர். தமிழ் பைபிளில் சீயோன். அங்கே குடியேறிய மார்மன் கிறிஸ்தவர்கள் வைத்தது. 1909-இல் அரசாங்கம் அந்தப் பள்ளத்தாக்கை முதலில் பாதுகாத்தபோது, பையூட் பூர்வகுடிகளின் சொல்லை எடுத்து முக்குன்டுவீப் என்று பெயரிட்டது. 1918-இல் அதை ஸையன் என்று மாற்றினார்கள். 1919-இல் அது தேசியப் பூங்கா ஆனது. (முக்குன்டுவீப் என்றால் முகுந்தன் என்று இன்னொரு செய்தி கிளம்பாமல் இருந்தால் சரி.) ஆற்றோரமாகப் போகும் ஒரு சின்ன நடைபாதையில் நடந்தோம். இரண்டு பக்கமும் சுவர் போல மணற்பாறை. ஒரு காலத்தில் பெரிய பாலைவனத்தின் மணல்மேடுகளாக இருந்து, இறுகிக் கல்லானவை. ஓரிடத்தில் சுவரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. மேலே பெய்த மழையும் பனியும் கல்லுக்குள் மெல்ல மெல்ல இறங்கி வெளியே வருகிறது.

பிரைஸ் என்பது அங்கே மாடு மேய்த்த ஒரு குடியேறியின் பெயர். கடல் மட்டத்திலிருந்து 2,400 மீட்டருக்கு மேல். நாங்கள் போனபோது பனி கிடந்தது. பகலில் உருகும் தண்ணீர் பாறை இடுக்குகளில் இறங்குகிறது, ராத்திரி உறைந்து விரிகிறது, பாறை பிளக்கிறது. வருடத்தில் பாதி நாளுக்கு மேலாவது இது நடக்குமாம். அப்படிச் செதுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான கல்தூண்கள் கூட்டமாக நிற்கும் மனிதர்களைப் போலவே இருக்கின்றன. பையூட் மக்களின் கதைப்படி அவர்கள் மனிதர்களேதான். கெட்ட வழியில் போன ஆதிகாலத்து ஆட்களை 'கயோட்டி' என்ற நரித்தெய்வம் கல்லாக்கிவிட்டது. கேட்டதும் எனக்கு அகலிகை நினைவு வந்தது.

நம் ஊர்க் கோயில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தலபுராணம் உண்டு. யார் வழிபட்டார்கள், எந்த மரத்தடியில், எந்தக் குளத்தில், யாருக்குச் சாமி காட்சி கொடுத்தார் என்று. அந்தப் பள்ளத்தாக்குகளுக்கும் தலபுராணம் இருக்கிறது. ஹோப்பி மக்களுக்கு, மனித குலம் இந்த உலகத்துக்குள் வெளிப்பட்ட வாசல் கிராண்ட் கேன்யன் பகுதியில் இருக்கிறது. ஸூனி மக்களுக்கும் அவர்கள் தோன்றிய இடம் அந்தப் பள்ளத்தாக்குக்குள்தான். மொத்தம் 11 பூர்வகுடிகள் அந்த மண்ணோடு பரம்பரைத் தொடர்பு உள்ளவர்கள் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. கல்லுக்கு விஷ்ணு என்று பெயர் வைப்பதில் ஒரு வெளியூர்க்காரரின் ரசனை இருக்கலாம். ஆனால் அதை வைத்து "இது நம் இடம்" என்று நாம் சொல்வது, இன்னொருவர் கோயிலில் மூலவரை மாற்றிவிட்டுத் தலபுராணத்தையும் கிழித்துப் போடுவதற்குச் சமம்.

இது வெறும் உவமை இல்லை. கிராண்ட் கேன்யனுக்குள் பாதி வழியில் ஊற்று நீர் பாயும் பசுமையான இடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஹவசுபாய் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்து வாழ்ந்தார்கள். பூங்கா வந்த பிறகு அவர்களை வெளியேற்றினார்கள். கடைசி ஆள் 1928-இல் போனார். இடத்துக்கு 'இந்தியன் கார்டன்' என்று பெயர். ஆட்களை அனுப்பிவிட்டு அவர்களை நினைவுபடுத்தும் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1975-இல் ஒரு சட்டத்தின் மூலம் ஹவசுபாய் மக்களுக்கு மேட்டு நிலத்தில் 1,85,000 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. 2022 நவம்பரில்தான் அந்த ஊற்றிடத்தின் பெயர் 'ஹவசுபாய் கார்டன்ஸ்' என்று மாறியது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பாட்டி ஞாபகம். பேராவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். லயத்துக்குப் பின்னால் ஓர் அரசமரம், அடியில் மூன்று கல், ஒரு சூலம். முனியாண்டி சாமி. பட்டா கிடையாது, கடிதம் கிடையாது. தோட்டம் கை மாறியபோது காலி செய்யச் சொன்னார்கள். "கல்லுதானே, வேற இடத்துல வெச்சுக்கலாமே" என்று நிர்வாகத்தில் ஒருவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாராம். பாட்டி இன்றைக்கும் சொல்வார்: "கல்லத் தூக்கிட்டு வந்துட்டோம்ப்பா. மரத்த எப்படித் தூக்கிட்டு வர்றது?"

இந்த நாட்டில் இந்துவாகப் பிறந்த யாருக்கும் இப்படி ஒரு கதை தெரிந்திருக்கும். "அது வெறும் கல்" என்று இன்னொருவர் சொல்லும்போது என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் அந்தச் சொல்லை நாம் மற்றவர்களிடம் சொல்வதற்கு முன்னால் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

சட்டமா, வேண்டுகோளா?

இனி கொஞ்சம் கஷ்டமான பகுதி. யூட்டாவில் 'ரெயின்போ பிரிட்ஜ்' என்று இயற்கையான கல் வளைவு ஒன்று இருக்கிறது. அதற்குப் படகில் போக வேண்டும், எங்கள் வழியில் இல்லை. நவாஹோ உள்ளிட்ட பல மக்களுக்கு அது புனிதம். அதனால் வளைவுக்கு அடியில் நடக்க வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் பயணிகளைக் கேட்டுக்கொள்கிறது. அது கட்டளை இல்லை, வேண்டுகோள். அப்படிக் கேட்பதே தவறு என்று சிலர் நீதிமன்றம் வரை போனார்கள்; வழக்கு நிற்கவில்லை.

மோவாப் ஊரைத் தாண்டித் தெற்கே போகும்போது காடிக்குள் இதைப் பற்றிப் பெரிய விவாதம். பினாங்கு நண்பன் கேட்டான்: "டேய், ரூல் இல்லைல்ல? வேணும்னா கேளு, வேணாம்னா விடு. அவ்வளவுதானே?" பின்னால் உட்கார்ந்திருந்த ஈப்போ அக்கா சொன்னார்: "பத்துமலைக்கு வர்ற டூரிஸ்ட் அப்படிச் சொன்னா நீ என்ன சொல்லுவ?" அவன் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அது கோயிலு லா. இது பாறை" என்றான். அக்கா சிரித்துவிட்டார். "பத்துமலையும் பாறைதான் தம்பி."

எனக்கு அந்த விவாதத்திலிருந்து கிடைத்தது இது. சட்டம் தடுக்கும் இடத்தில் நான் விலகி நின்றால் அது அபராதத்துக்குப் பயந்தா, மரியாதையாலா என்று யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. வெறும் வேண்டுகோள் இருக்கும் இடத்தில்தான் என் மரியாதை சோதிக்கப்படுகிறது. "தடை இல்லை, அதனால் செய்யலாம்" என்பது சட்டத்தின் பேச்சு. தர்மம் அதற்குப் பிறகுதான் பேசத் தொடங்குகிறது.

"நான் நம்பவில்லையே, நம்பாமல் மரியாதை காட்டினால் அது நடிப்பு ஆகாதா?" என்ற கேள்வியும் நியாயமானது. நான் பொறியியல் மாணவன். கிராண்ட் கேன்யனின் அடியில் 170 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையான பாறைகள் இருக்கின்றன. அவற்றுக்கும் 'விஷ்ணு' பாறைகள் என்றுதான் பெயர். பள்ளத்தைக் கொலராடோ ஆறு அறுத்தது என்பதை நான் ஏற்கிறேன். ஹோப்பி மக்களின் வாசல் கதையை நிலவியலாக என்னால் ஏற்க முடியாது. ஆனால் நம் கோயிலுக்கு வரும் வெள்ளைக்காரரிடமோ, சீன நண்பரிடமோ நாம் என்ன கேட்கிறோம்? "முருகனை நம்பு" என்றா? செருப்பைக் கழற்று, கர்ப்பக்கிரகத்துக்குள் போகாதே, அவ்வளவுதான். நம்பிக்கையைக் கேட்பதில்லை, நடத்தையைக் கேட்கிறோம். நடத்தையைக் கொடுப்பதற்கு நான் பொய் சொல்ல வேண்டியதில்லை. "இது உங்களுக்குப் பெரியது என்று எனக்குத் தெரிகிறது" என்று உடம்பால் சொல்கிறேன். அது நூற்றுக்கு நூறு உண்மைதான்.

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2015 மே 30-ஆம் தேதி வெளிநாட்டுப் பயணிகள் சிலர் கினபாலு மலை உச்சியில் ஆடையைக் கழற்றிப் படம் எடுத்துக்கொண்டார்கள். கடசான்டூசுன் மக்களுக்கு அந்த மலை இறந்த முன்னோரின் ஆவிகள் தங்கும் இடம். ஜூன் 5-ஆம் தேதி நிலநடுக்கம் வந்தது. சிங்கப்பூர் மாணவர்கள் உட்பட 18 பேர் இறந்தார்கள். பயணிகளில் நாலு பேருக்கு மூன்று நாள் சிறையும் 5,000 ரிங்கிட் அபராதமும் கிடைத்தன. அப்போது எல்லாரும் சண்டை போட்டது ஒரே கேள்வியில்: மலை கோபப்பட்டதா, இல்லையா? எனக்கு அந்தக் கேள்வியே தவறாகத் தெரிகிறது. நிலநடுக்கம் வராமல் போயிருந்தால் அவர்கள் செய்தது சரியாகிவிடுமா? ஆகாது. தவறு மே 30-ஆம் தேதியே முடிந்துவிட்டது. தண்டனை வந்தால்தான் பாவம் என்று நினைப்பவர்கள் பாவத்தைப் பற்றி யோசிக்கவில்லை, தண்டனையைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள்.

"மனசுதானே வலிக்கிறது?"

கிராண்ட் கேன்யனிலிருந்து தெற்கே திரும்பி வரும்போது, தூரத்தில் பனி மூடிய சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள் தெரிந்தன. அரிசோனாவிலேயே உயரமான மலை, 3,851 மீட்டர். பதின்மூன்று பூர்வகுடிகளுக்கு அது புனிதம். நவாஹோ மக்களுக்கு அவர்களுடைய நான்கு திசை மலைகளில் மேற்கு மலை. ஹோப்பி மக்களுக்கு மழையைக் கொண்டுவரும் 'கட்சினா' தெய்வங்கள் வாழும் இடம். அந்த மலையில் ஒரு பனிச்சறுக்கு மைதானம் இருக்கிறது. பனி போதாத வருடங்களில் செயற்கைப் பனி தூவ முடிவு செய்தார்கள். தண்ணீர் எங்கிருந்து? பக்கத்து ஊரின் சாக்கடை நீரைச் சுத்திகரித்து. பூர்வகுடிகள் வழக்குப் போட்டார்கள். 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. யாரும் வழிபாட்டைத் தடுக்கவில்லை, இடத்தை மூடவில்லை, அவர்களுடைய உணர்வுதான் பாதிக்கப்படுகிறது, அது சட்டத்தின் கண்ணில் போதாது என்பதுதான் சாரம். 2012-இல் பனி தூவ ஆரம்பித்துவிட்டார்கள்.

சுத்திகரிப்பு பற்றி எங்களுக்குப் பாடம் உண்டு. வடிகட்டுவது, கிருமி நீக்குவது, அளவிடுவது எல்லாம் எண்கள். சிங்கப்பூரில் நியூவாட்டர் என்ன தரம் என்று நம் எல்லாருக்கும் தெரியும்; குடிக்கலாம். சரி, இப்போது சொல்லுங்கள். நாளைக்கு ஒரு நிறுவனம் வந்து, "இனிமேல் மூலவர் அபிஷேகத்துக்குச் சுத்திகரித்த சாக்கடை நீர்தான், ஆய்வுக்கூட அறிக்கை இதோ" என்று சொன்னால் உங்கள் கோயிலில் என்ன நடக்கும்? "எந்தத் தண்ணீரும் கங்கைதான்" என்று சொல்லும் குருக்களும் இருக்கலாம். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் குருக்களா, அந்த நிறுவனமா?

நமக்கு சுத்தம் வேறு, மடி வேறு. ஆய்வுக்கூடத்தால் முதலாவதை அளக்க முடியும். இரண்டாவதை அந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள்தான் சொல்ல முடியும். "உங்கள் மனசுதானே வலிக்கிறது, வேறு என்ன நஷ்டம்?" என்ற கேள்வி சாதாரணமாகத் தெரியும். ஆனால் பாட்டியிடம் "கல்லுதானே" என்று சொன்ன மனிதர் கேட்டதும் அதே கேள்விதான். கைலாய மலையின் உச்சியில் பனிச்சறுக்கு மைதானம் கட்டினால் நமக்கு வலிப்பதும் மனசு மட்டும்தான். அண்ணாமலையையே சிவனாகச் சுற்றி வருகிறவர்கள் நாம். ஒரு மலை எப்படித் தெய்வமாக முடியும் என்று உலகத்தில் வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் நமக்குப் புரிய வேண்டும்.

இதற்கு எதிர்வாதமும் இருக்கிறது. ஆளாளுக்கு ஒரு மலையைப் புனிதம் என்று சொன்னால் சாலை போட முடியுமா, அணை கட்ட முடியுமா? நான் படிப்பதே கட்டுமானப் பொறியியல், இந்தக் கேள்வி நாளைக்கு என் மேசைக்கே வரும். எல்லா வேண்டுகோளுக்கும் உலகம் இணங்க முடியாது என்பது உண்மை. என் அளவில் நான் பிடித்துக்கொண்டது மூன்று விஷயம். ஒன்று, நான் விட்டுக்கொடுப்பது எவ்வளவு, அவர்கள் இழப்பது எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. வளைவுக்கு அடியில் நடக்காமல் பத்து மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதில் எனக்கு ஒன்றும் குறைவதில்லை. ஒரு ஊருக்கே குடிதண்ணீர் என்றால் கணக்கு வேறு. பனிச்சறுக்கு குடிதண்ணீர் இல்லை. இரண்டு, விட்டுக்கொடுக்கவே முடியாத நிலை வந்தாலும், "அது வெறும் உணர்ச்சி" என்று சொல்லாமல் இருப்பது. இழப்பை இழப்பு என்று ஒத்துக்கொள்வது மிகக் குறைந்தபட்ச நியாயம். மூன்று, நல்லெண்ணத்தை மட்டும் நம்பி எளியவர்களை நிறுத்தி வைக்காமல் இருப்பது. வேண்டுகோளுக்கு இணங்குவது என் தர்மம். ஆனால் அவர்களுடைய பாதுகாப்பு என் தர்மத்தையே நம்பி நிற்கக் கூடாது. ஹவசுபாய் மக்களுக்கு நிலம் திரும்பியது யாரோ மனசு மாறியதால் மட்டும் இல்லை, சட்டம் வந்ததால். தோட்டத்துக் கோயில்களுக்குப் பத்திரம் வேண்டும் என்று நம் பெரியவர்கள் அலைவதும் அதனால்தான்.

இந்த விஷயத்தில் மானுமெண்ட் வேலி எனக்கு நிம்மதியாக இருந்தது. அது மத்திய அரசின் பூங்கா இல்லை. 1958-லிருந்து நவாஹோ மக்களே நடத்தும் பூங்கா. கட்டணமும் அவர்களுக்கு, விதிகளும் அவர்களுடையவை. பாறைகளில் ஏறக் கூடாது, அங்கே குடியிருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. வீட்டுக்காரர் வாசலில் நின்று "வாங்க, ஆனா செருப்ப வெளிய விடுங்க" என்று சொல்வது போல. அதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?

கைகூப்பலாமா?

கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் யாக்கி பாயிண்ட் என்ற இடத்தில் நின்றோம். கீழே கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழம். கிழக்குப் பக்கமாக விஷ்ணு கோயில் சிகரம், பக்கத்தில் வோட்டன் சிம்மாசனம். மாலை வெயிலில் சிகரத்தின் அடுக்குகள் உண்மையிலேயே கோபுரம் மாதிரிதான் தெரிந்தன. டட்டனைக் குறை சொல்ல முடியவில்லை.

கைகூப்பினேனா? கூப்பினேன். அது இந்தக் கட்டுரைக்கு முரணாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. இறைவன் எங்கும் இருக்கிறான் என்பது நம் சமயத்தின் பெரிய சொத்து. ஆனால் அந்த வாக்கியத்தை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். "எங்கும் என் சாமி இருக்கிறார், அதனால் எல்லா இடமும் எனக்குச் சொந்தம்" என்பது ஒன்று. "எங்கும் இறைவன் இருக்கிறான், அதனால் எந்த இடத்திலும் நான் செருப்போடு ஏறி நிற்கக் கூடாது" என்பது இன்னொன்று. கும்பிடுவதற்குப் பட்டா தேவையில்லை. பட்டா கேட்கத் தொடங்கினால் அது கும்பிடு இல்லை. கோயில் டியூப் லைட்டில் வெளிச்சம் மறையும் அளவுக்கு 'உபயம்' என்று பேர் எழுதி வைக்கிறோமே, மாமா அனுப்பிய செய்தியும் அந்த வகைதான். வெளிச்சத்தைவிடப் பேர் பெரிதாகிவிட்டது.

மாமாவுக்கு அன்றிரவே எழுதினேன். சிகரத்தின் படத்தை அனுப்பி, பெயர் வைத்தவர் யார், அங்கே வாழ்ந்தவர்கள் யார் என்று நாலு வரி. நீளமாக எழுதவில்லை, கிண்டலும் செய்யவில்லை. "அப்படியா தம்பி, அந்த ஜனங்க இப்ப எங்க இருக்காங்க?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

நமக்கும் அந்தக் கேள்வி பக்கத்திலேயே காத்திருக்கிறது. வருடா வருடம் நம் இளைஞர் முகாம் ஏதாவது ஒரு காட்டோரத்தில், அருவிக்குப் பக்கத்தில் நடக்கிறது. நூறு பேர் போகிறோம், பஜனை பாடுகிறோம், மலை ஏறுகிறோம், குப்பையைக்கூடப் பொறுக்கிவிட்டுத்தான் வருகிறோம். நல்லது. ஆனால் அந்த மலையடிவாரத்தில் பல இடங்களில் ஓராங் அஸ்லி கம்போங் இருக்கிறது. நாம் குளிக்கும் அருவி அவர்களுக்கு என்ன, நாம் கூடாரம் போடும் மேடு அவர்களுக்கு என்ன என்று இதுவரை எந்த முகாமிலாவது கேட்டிருக்கிறோமா? வன இலாகா அனுமதிக் கடிதம் வாங்குகிறோம். அது சட்டம்.

அடுத்த முகாமுக்கு இடம் பார்க்கப் போகும் குழுவில் நானும் பேர் கொடுத்திருக்கிறேன். முதலில் கம்போங்குக்குப் போய்ப் பெரியவர்களைப் பார்ப்போம், "எங்கெல்லாம் போகலாம், எங்கே போக வேண்டாம், ஏதாவது பெயர் உண்டா, கதை உண்டா" என்று கேட்போம் என்று செயற்குழுவிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் "இந்தப் பக்கம் வராதீங்க" என்று சொன்னால், வேறு அருவி பார்த்துக்கொள்ளலாம்.